கோழிக் கூண்டில் ஒரு கலைக்கூடம்

வேதியியல் ஆய்வகத்தில் வெள்ளி நைட்ரேட்டைக் கையாண்ட மாணவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். விரலில் ஒரு துளி பட்டால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. வெளியே வந்து வெயிலில் நின்றால் பட்ட இடம் கறுத்துப் போகும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நான்கு நாளைக்குப் போகாது. அந்தக் கறையை ஆண்டுக்கணக்காக இரு கைகளிலும் உடுத்திய உடையிலும் சுமந்து, அதைக் கொண்டே உலகப் புகழ் பெற்ற ஒரு பெண்மணியின் வரலாற்றைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன். அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரூன். 19-ஆம் நூற்றாண்டில் புகைப்படத்தை ஒரு கலையாக உயர்த்தியவர்களைப் பட்டியலிட்டால் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர்.

வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரின் கதை அரூர்க் கல்லூரி ஆண்டு மலருக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். அவர் பிறந்தது கல்கத்தாவில். மறைந்தது இலங்கை மலைநாட்டில், தமிழ்க் கூலிகள் உழைத்த தோட்டத்தில். இடையில் அவர் கண்ணாடித் தகடும் வெள்ளி உப்பும் வாங்கிய காசுக்கும் நம் மக்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அது போகப் போக விளங்கும்.

ஜூலியா 1815-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியில் பெரிய அதிகாரி. தாய் பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்து வழி வந்தவர். வளர்ந்து நின்ற பெண்மக்கள் எழுவர். சகோதரிகள் அழகுக்குப் பேர் போனவர்களாம். ஜூலியாவை மட்டும் யாரும் அழகி என்று சொன்னதில்லை. பிற்காலத்தில் அழகைத் தேடித் தேடிப் படமெடுத்தவர் இவர்தான் என்பதை நினைக்கும்போது வியப்பாக இருக்கிறது. படிப்பெல்லாம் பெரும்பாலும் பிரான்சில், பாட்டியின் வீட்டில்.

1836-இல் உடல்நலம் தேறுவதற்காகத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அங்கே இருவரைச் சந்தித்தார். அவர் வாழ்க்கையை வகுத்தவர்கள் இந்த இருவரே எனலாம். ஒருவர் வானியல் அறிஞர் சர் ஜான் ஹெர்ஷல். தென்வானத்து விண்மீன்களைக் கணக்கெடுக்க வந்து அங்கே தங்கியிருந்தார். மற்றவர் சார்லஸ் ஹே கேமரூன். சட்ட அறிஞர், ஜூலியாவைவிட இருபது வயது மூத்தவர். 1838-இல் கல்கத்தாவில் திருமணம் நடந்தது.

ஹெர்ஷல் நம் துறைக்கும் உரியவர். ஹைப்போ என்று நாம் சொல்லும் சோடியம் தயோசல்பேட் வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதை 1819-லேயே கண்டறிந்தவர் அவர். நாம் பியூரெட்டில் ஊற்றி அயோடினைத் தரம் பார்க்கிறோமே, அதே ஹைப்போதான். 1839-இல் புகைப்படம் என்ற புதுமை வெளிவந்தபோது, எடுத்த படம் வெளிச்சத்தில் கறுத்து அழியாமல் நிலைக்கச் செய்யும் வழியாக ஹைப்போவைச் சொன்னதும் அவரே. நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற சொற்களையும் புகைப்படத்துறைக்கு அவர்தாம் தந்தார். 1842-இல் இரும்பு உப்பைக் கொண்டு நீலநிறப் படமெடுக்கும் முறையையும் கண்டுபிடித்தார். அம்முறையில் அன்னா அட்கின்ஸ் என்ற அம்மையார் கடற்பாசிகளைக் காகிதத்தின் மேல் பரப்பி, வெயிலில் வைத்து அச்செடுத்து, 1843 முதல் நூலாக வெளியிட்டார். புகைப்படங்களைக் கொண்ட முதல் நூல் அதுவே என்பர். தாவரவியல் நண்பர்கள் கவனிக்க! ஆக, ஒளியால் அச்செடுக்கும் கலை பிறந்து நடை பழகும் போதே பெண்கள் அதில் கை வைத்துவிட்டார்கள். ஹெர்ஷல் கல்கத்தாவுக்கு அனுப்பி வைத்த மாதிரிப் படங்களை ஜூலியா 1842-லேயே பார்த்திருக்கிறார். ஆனால் தாமே காமிராவைத் தொட அவருக்கு இன்னும் இருபத்தோராண்டு ஆக வேண்டியிருந்தது.

கல்கத்தாவில் கேமரூன் தம்பதியர் செல்வாக்கோடு வாழ்ந்தனர். கணவர் அரசாங்கத்தின் சட்ட உறுப்பினர். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபோது, ஜூலியா கல்கத்தாவில் இருந்தபடியே நிதி திரட்டிப் பெருந்தொகை அனுப்பினார். யாருக்காவது எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. விருந்தினர் வேண்டாமென்றாலும் சால்வையைத் திணித்து அனுப்புவாராம். 1848-இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது.

இங்கே சார்லஸ் கேமரூனைப் பற்றி ஒரு செய்தி. இலங்கை ஆட்சிமுறையை ஆராய அனுப்பப்பட்ட கோல்புரூக் - கேமரூன் ஆணைக்குழுவில் இடம் பெற்றவர் இவர். அத்தீவின் நீதிமுறைச் சீர்திருத்தம் 1833-இல் இவர் தந்த பரிந்துரைப்படி வந்தது. போன இடத்தில் தீவின் அழகில் மயங்கி நிலங்களையும் வாங்கினார். அந்நிலங்களில் காப்பி பயிரானது. இங்கிலாந்தில் கேமரூன் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தக் காப்பித் தோட்ட வருமானத்தால். 1860-இல் வைட் தீவில் பிரஷ்வாட்டர் என்னும் ஊரில், கவிஞர் டென்னிசன் வீட்டுக்கு அருகே இரண்டு குடிசை வீடுகளை வாங்கி ஒன்றாக்கினார்கள். அந்த வீட்டுக்கு இட்ட பெயர் டிம்போலா. அது இலங்கைத் தோட்டத்தின் பெயர்.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தார்கள். கணவர் இலங்கைக்குப் போயிருந்த சமயம்; அம்மா தனிமையில் வாடாமல் பொழுது போகட்டும் என்ற எண்ணம். அப்போது ஜூலியாவுக்கு வயது 48. நம் பக்கத்தில் 48 வயதுப் பெண்ணுக்குப் புதிதாக ஒரு கருவியைக் கொடுத்தால், இனி எதற்கு எனக்கு என்று மூலையில் வைத்துவிடுவார். இவர் என்ன செய்தார் தெரியுமா? நிலக்கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறையாக்கினார். கண்ணாடி வேய்ந்த கோழிக் கூண்டிலிருந்து கோழிகளை விரட்டிவிட்டு அதைப் படமெடுக்கும் கூடமாக்கினார். கூலிக்கு அமர்த்திய ஒரு குடியானவரை மணிக்கு அரை கிரவுன் கொடுத்து உட்கார வைத்துப் பாடுபட்டு எடுத்த முதற்படத்தை, ஈரம் காயாத தகட்டில் தம் கையே பட்டு அழித்துக் கொண்டார். விடவில்லை. அடுத்த மாதமே, 1864 ஜனவரியில், ஆனி என்ற சிறுமியை எடுத்த படம் கைகூடியது. அதைத்தான் தம் முதல் வெற்றி என்று எழுதி வைத்தார்.

அந்த வேலை எத்தகையது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கைப்பேசியைத் தொட்டவுடன் படம் விழுகிற காலத்தில் இருக்கிறோம் நாம். அன்று வெடிப்பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்துச் செய்த கொலோடியன் என்ற பிசினில் அயோடைடு உப்பைச் சேர்த்து, பெரிய கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடும்படி கையால் சாய்க்க வேண்டும். ஒரு பக்கம் தடித்தால் படம் கெட்டது. பிறகு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். ஈதர் ஆவியாகித் தகடு உலர்வதற்குள் காமிராவுக்கு ஓட வேண்டும். எதிரே இருப்பவர் மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், சில வேளை அதற்கும் மேலே அசையாமல் இருக்க வேண்டும். மீண்டும் இருட்டறைக்கு ஓட்டம். பெரஸ் சல்பேட் போன்ற ஒடுக்கியைத் தகட்டின் மேல் வீசி ஊற்றினால் உருவம் தோன்றும். எஞ்சிய வெள்ளி உப்பை ஹைப்போவாலோ பொட்டாசியம் சயனைடாலோ கரைத்து நீக்க வேண்டும். ஜூலியா பயன்படுத்தியது சயனைடு. அதைத் தொடும்போதெல்லாம் அவருக்கே அச்சம் உண்டு. பின்னர் கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்திச் சேந்தி ஊற்றிக் கழுவ வேண்டும், குளிர்காலத்திலும்.

இத்தனையும் நெகட்டிவுக்கு மட்டும். அதிலிருந்து அச்சுப் பிரதி எடுப்பது தனி வேலை. முட்டையின் வெள்ளைக்கரு பூசிய காகிதத்தை வெள்ளி நைட்ரேட்டில் மிதக்கவிட்டு, உலர்த்தி, கண்ணாடித் தகட்டோடு சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைக்க வேண்டும். சூரியன்தான் அச்சு இயந்திரம். மேகம் வந்தால் வேலை நின்றுவிடும். உருவம் ஏறியதும் தங்கக் குளோரைடுக் கரைசலில் இட்டால் பழுப்புநிறம் அழகாகப் படியும்; நிலைக்கவும் செய்யும். வெள்ளியும் தங்கமும் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள்கள். ஈரம் சொட்டும் படங்களைக் கணவரிடம் காட்ட ஜூலியா சாப்பாட்டு அறைக்குள் ஓடுவார். மேசை விரிப்பெல்லாம் கறை. சார்லஸ் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. ஒவ்வொரு படத்தையும் பார்த்து மகிழ்ந்து கைதட்டுவார். இதைப் படித்தபோது அந்தக் கிழவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாயிற்று.

அவர் படங்கள் அக்காலத்துப் படங்களைப் போல் இல்லை. முகத்தை மிக நெருங்கி எடுத்தார். ஒளி ஒரு பக்கத்திலிருந்து விழ, மறுபக்கம் இருளில் ஆழும். விளிம்புகள் கூர்மையாக இல்லாமல் மூச்சு விடுவதுபோல் கசிந்திருக்கும். புகைப்படச் சங்கத்துக் கனவான்கள் நகைத்தார்கள். குவியம் பிழை, கறை, கீறல், விரல் ரேகை என்று குறை அடுக்கினார்கள். ஜூலியாவோ, கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடத்தில் வில்லையைத் திருகுவதை நிறுத்திவிடுவதாகவும், அதற்கு மேல் கூர்மை தமக்கு வேண்டாமென்றும் விளக்கினார். குறை சொன்னவர்கள் முற்றிலும் தவறு என்றும் நான் சொல்லமாட்டேன். சில படங்களில் தேவதை வேடமிட்ட குழந்தைகளும் அட்டைச் சிறகுகளும் நமக்குச் சலிப்பைத் தருகின்றன. ஆனால் 1867-இல் எடுத்த ஹெர்ஷலின் படம் ஒன்று போதும். தாம் ஆசானாகக் கருதிய அந்த 75 வயது அறிஞரின் நரைமுடியைக் கழுவிக் கலைக்கச் செய்து, கருந்துணி போர்த்தி, இருளிலிருந்து அந்த முகம் மட்டும் எழும்பும்படி எடுத்தார். டென்னிசன், டார்வின், கார்லைல் என்று அக்காலத்து மேதைகள் பலர் இன்று நம் கண்முன் நிற்பது இவர் கைவண்ணத்தால்தான். இலண்டன் தென்கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865-லேயே இவர் படங்களை விலைக்கு வாங்கியது. 1868-இல் இரண்டு அறைகளைப் படமெடுக்கவும் கொடுத்தது.

பெண்களின் படங்கள் வேறுவகை. அவற்றில் நிற்பவர்கள் பெரும்பாலும் உறவினரும் வேலைக்காரப் பெண்களுமே. மேரி ஹில்லியர் என்ற பணிப்பெண் கன்னி மரியாளாக எத்தனையோ படங்களில் வருகிறார். மேரி ரயன் என்பவரின் கதை நாவலுக்கு ஏற்றது. தெருவில் கையேந்திய ஐரிஷ் தாயின் மகள். ஜூலியா வீட்டுக்கு அழைத்துவந்து தம் பிள்ளைகளோடு படிக்கவும் வைத்தார், வேலையும் வாங்கினார். இலண்டனில் நடந்த கண்காட்சியில் அவள் படத்தைக் கண்டு மனதைப் பறிகொடுத்த ஹென்றி காட்டன் என்ற இளைஞர் 1867-இல் அவளை மணந்தார். இந்தக் காட்டன்தான் பிற்காலத்தில் அசாமின் தலைமை ஆணையராக இருந்து, தேயிலைத் தோட்டக் கூலிகளின் ஊதியத்தை உயர்த்த வேண்டுமென்று வாதாடித் தோட்ட முதலாளிகளின் பகையைத் தேடிக்கொண்டவர். 1904-இல் பம்பாய்க் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர்.

பணமுடை மட்டும் தீரவில்லை. படங்களுக்கு உரிமை பதிவு செய்தார். இலண்டன் படக்கடை மூலம் விற்றார். வருவதைவிடச் செலவு அதிகம். அடியிலும் அரிப்பு. 1869-இல் இலங்கைக் காப்பிச் செடிகளின் இலைகளில் துரு போன்ற பூசண நோய் தோன்றியது. தோட்டம் தோட்டமாகப் பரவியது. டென்னிசன் காவியத்துக்கு ஜூலியா எடுத்த படங்களைப் பதிப்பாளர் சிறிய மரச்செதுக்கு அச்சாகச் சுருக்கிவிட்டதைப் பொறுக்காமல், முழு அளவில் புகைப்படங்களையே ஒட்டித் தாமே நூலாக வெளியிட்டார், 1874 முடிவில். அதுவும் பெரிய இலாபம் தரவில்லை. 1875 அக்டோபரில் வீட்டைவிட்டு இலங்கைக்குக் கப்பலேறினார்கள். தக்க சவப்பெட்டி அங்கே கிடைக்குமோ கிடைக்காதோ என்று இரண்டு சவப்பெட்டிகளில் பீங்கான் சாமான்களை அடைத்துக்கொண்டு போனார்கள் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற கதை. கூடவே ஒரு பசுமாடும்!

இலங்கையில் களுத்துறைக் கடலோரத்தில் அரசுப் பணியிலிருந்த மகனோடு தங்கினர். அங்கே 1877 தொடக்கத்தில் ஒரு விருந்தாளி வந்தார். அவர் மரியன் நார்த். உலகமெங்கும் தனியாகவே சுற்றித் தாவரங்களை அவை வளரும் இடத்திலேயே வண்ணத்தில் தீட்டிய ஓவியர். பின்னர் அவர் நம் தஞ்சை, மதுரைப் பக்கமும் வந்தார். 800-க்கும் மேற்பட்ட அவர் ஓவியங்களை இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் 1882-இல் திறந்த தனிக்கூடத்தில் இன்றும் காணலாம். ஒரு பெண் கலைஞர் மற்றொரு பெண் கலைஞரைப் படமெடுக்க முனைந்தது அந்தக் களுத்துறை வீட்டில்தான். ஜூலியா விருந்தாளிக்குக் காஷ்மீரக் கம்பளித் துணியைப் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னங்கீற்று முனைகள் தலையில் குத்த உச்சிவெயிலில் நிறுத்தி, இயல்பாக இருக்கச் சொன்னார். வெப்பம் 96 டிகிரி! பிறகு ஈரப்பலா இலைகளையும் காய்களையும் சன்னல் கதவில் ஆணியடித்துப் பின்னணியாக்கிப் பார்த்தார். பன்னிரண்டு தகடுகள் வீணாயின. இதை நார்த் தம் நினைவு நூலில் நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார்.

ஆனால் மற்றொரு படம் இருக்கிறது. அதில் போர்வையும் இல்லை, தென்னங்கீற்றும் இல்லை. நார்த் தம் ஓவியச் சட்டத்தின் முன் வேலையில் இருக்கிறார். அருகே உள்ளூர் ஆள் ஒருவர் பானையோடு நிற்கிறார். வேடமிட்ட படங்களைவிட எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. அக்காலத்துப் பெண்ணை வீட்டுத் தலைவியாக, தேவதையாக, மணப்பெண்ணாக எடுத்த படங்கள் ஏராளம். தொழிலில் இருக்கும் பெண்ணை, அதே போன்ற தொழிலில் இருக்கும் இன்னொரு பெண் எடுத்த படம் அரிது. படத்துக்கு வெளியே கறுத்த விரல்களோடு 61 வயது ஜூலியா நிற்கிறார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பானைக்காரர் யார்? பெயர் இல்லை. நார்த் எழுதி வைத்த இன்னொரு செய்தியும் உண்டு. உள்ளூர் ஆள் ஒருவரின் முதுகு மிக அழகாக இருப்பதாகக் கண்ட ஜூலியா, அவரைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். வீட்டுக்குத் தோட்டமே இல்லை! படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிக்க முடியவில்லை. அந்த முதுகுக்கும் பெயர் இல்லை. 1878-இல் எடுத்த களுத்துறைக் குடியானவர்கள் படத்தின் கீழ், பெண்ணுக்கு வயது 12 என்றும், அவள் தகப்பனென்று சொல்லும் முதியவர் தமக்கு நூறு வயது என்கிறார் என்றும் ஜூலியா குறித்திருக்கிறார். வயதைக் கேட்டவர் பெயரைக் கேட்டு எழுதவில்லை. பிரஷ்வாட்டர் வேலைக்காரப் பெண்கள் மேரி ஹில்லியராகவும் மேரி ரயனாகவும் நிலைத்திருக்க, இலங்கைப் படங்களில் இருப்பவர்கள் பெண் என்றும் கூட்டம் என்றும் நிற்கிறார்கள். எஞ்சியுள்ள இலங்கைப் படங்கள் முப்பதுக்கு உட்பட்டவையே. மொத்தமாக அவர் எடுத்தவை என இன்று அறியப்படுபவை 1,200-க்கும் மேல்.

அவர் களுத்துறையில் இருந்த அதே ஆண்டுகளில்தான் இங்கே தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. அன்று அரூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல். சேலம், திருச்சி, மதுரைப் பக்கத்து மக்கள் கங்காணி சொல் கேட்டு, கடற்கரை வரை நடந்து, தோணியேறி, மன்னார்க் காட்டு வழியே மீண்டும் நடந்து காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். பஞ்ச ஆண்டுகளில் அந்தக் கூட்டம் பெருகியது. வழியில் காலராவில் செத்தவர்கள் பலர். எங்கள் ஆயா வழியில் ஒருவர் கண்டிச்சீமைக்குப் போய்த் திரும்பவில்லை என்று வீட்டில் பேச்சு உண்டு. எந்தக் காலத்தில், எந்தத் தோட்டத்துக்கு என்று சொல்ல ஆளில்லை, பெயரும் மறந்துபோயிற்று. ஆயாவுக்கே முதன்முதலில் எடுத்த புகைப்படம் வாக்காளர் அட்டைக்காக எடுத்ததுதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அதனால்தானோ என்னவோ, ஒரு படத்தைப் பார்த்தால் எடுத்தவர் பெயரோடு நிற்பவர் பெயரையும் தேடுகிறேன்.

இதனால் ஜூலியாவின் பெருமை குறைந்துவிட்டதா? குறையவில்லை. ஆணுலகம் சிரித்தபோது கறுத்த கைகளோடு தம் வழியே போனவர் அவர். அயர்லாந்துப் பஞ்சத்துக்கு உருகிய நெஞ்சம் உண்மையானது. பெயர் கேளாமல் விட்ட பார்வையும் உண்மையானது. இரண்டும் ஒரே அம்மையாரிடம் இருந்தன. தங்கக் குளோரைடு வாங்கிய காசில் காப்பி பறித்த விரல்களின் பங்கும் உண்டு என்பதை அவர் வரலாற்றை எழுதுவோர் ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும் என்பதே என் எண்ணம்.

1878-இல் ஒருமுறை இங்கிலாந்து போய் வந்தார். திரும்பிய சில மாதங்களில் நோயுற்று, 1879 ஜனவரி 26-ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கெய்ன் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்து மண்ணில் அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு சார்லசும் போய்ச் சேர்ந்தார். கணவர் பக்கத்திலேயே. அதற்குள் காப்பி அழிந்து, அந்த மலைச்சரிவுகளில் தேயிலை நடத் தொடங்கியிருந்தார்கள். கன்று நட்டவர்களும் நம் ஊர்ப்பக்கத்திலிருந்து போனவர்களே. அவர்கள் வழி வந்தவர்கள் இன்றும் பொகவந்தலாவைச் சரிவுகளில் கொழுந்து பறிக்கிறார்கள்.